அந்த இடம்

"காலில" என்று சொல்லிவிட்டேன்.

2018ஆம் ஆண்டு, வெக்கை தாங்க முடியாத ஒரு மாலைப்பொழுது. திருகோணமலை நகரில் ஒரு மருந்துக் கடை. உள்ளே நின்ற பையனுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். "கடிக்குப் பூசுற மருந்து ஒண்டு தாங்கோ தம்பி" என்றேன். (எங்களூரில் கடி என்றால் அரிப்பு. தமிழகத்து வாசகர்கள் நாயையோ நகைச்சுவையையோ நினைத்துக்கொள்ள வேண்டாம்.) "எவடத்தில அன்ரி?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான். எனக்குப் பின்னால் மூன்று பேர் நின்றார்கள். அதிலொருவர் துறைமுகத்தில் வேலை செய்பவர், என் கணவருக்கும் தெரிந்தவர். கால் நூற்றாண்டுக்கு மேலாகப் பிறரிடம் கேள்வி கேட்டுச் சம்பளம் வாங்கியவள் நான். ஒளிக்காமல் பதில் சொல்லுங்கள் என்று எத்தனை பேரை வற்புறுத்தியிருப்பேன்! ஒரு சின்னப் பையனின் கேள்விக்குப் பொய் சொல்லிவிட்டு, அவன் தந்த குழாயைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வெளியேறினேன்.

கடித்தது காலில் அல்ல. பெண்குறியின் வெளித்தோலில்.

அவன் தந்த கிறீமில் மூன்று மருந்துகள் கலந்திருந்தன. பூஞ்சைக்கு ஒன்று, பக்டீரியாவுக்கு ஒன்று, அழற்சியை அடக்க வீரியமான ஸ்டெரொயிட் ஒன்று. எது நோய் என்று தெரியாதபோது எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே வெடி. காலுக்கே அது நல்லதில்லை என்றார்கள் பின்னாளில். இந்தியாவில் இத்தகைய ஸ்டெரொயிட் பூச்சுகள் பலவற்றை வைத்தியரின் சீட்டின்றி விற்கக் கூடாதென 2018இல் அரசு ஆணையிட்டதும் இதனால்தான். பூசிய மூன்றாம் நாளே கடி நின்றுவிட்டது. அதிசய மருந்து என்று மகிழ்ந்தேன். நிறுத்திய ஒரு வாரத்தில் முன்னைவிட மோசமாகத் திரும்பி வந்தது. மறுபடி பூசினேன், மறுபடி நின்றது, மறுபடி வந்தது. இப்படி எட்டு மாதம் ஓடிற்று. வீரியமான ஸ்டெரொயிட்டை அளவின்றிப் பூசினால் தோல் மெலியும், உள்ளே பூஞ்சை இருந்தால் அது மறைந்து வளரும், நிறுத்தும்போது தோல் பழிவாங்கும் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது.

பகலில் பொறுத்துக்கொள்ளலாம். இரவுதான் கொடுமை. நித்திரையில் கை தானாகப் போய்ச் சொறிந்துவிடும். விடிந்து பார்த்தால் நகத்தில் இரத்தம் இருக்கும். அதற்குமேல் சிறுநீர் பட்டால் கண்ணில் மிளகாய் பட்டதுபோல் எரியும். கோட்டைக்குள்ளே திரியும் புள்ளிமான்களில் ஒன்று ஒருநாள் கழுத்தை ஆலமரத்தில் சாவகாசமாக உரசிக்கொண்டு நின்றது. சுற்றுலா வந்தவர்கள் படம் எடுத்தார்கள். எனக்கு அந்த மானில் வந்த பொறாமையை எவரிடமும் சொல்ல முடியவில்லை.

சொல்ல முடியாமற் போனதற்கு வெட்கம் மட்டும் காரணமல்ல, சொல்லே இல்லாததும் ஒரு காரணம். எங்கள் வீட்டில் அது 'அந்த இடம்' அல்லது 'கீழ'. அம்மா அதைக்கூடச் சொல்லமாட்டார், கண்ணால் காட்டுவார். பல்கலைக்கழகத்தில் தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்தவள் நான். சங்கப் பாடல்களில் 'அல்குல்' வரும் இடங்களில் எங்கள் விரிவுரையாளர் 'இடை' என்று சொல்லி வேகமாகக் கடந்துவிடுவார். அந்தச் சொல் இடையைக் குறிக்கிறதா, அதற்குக் கீழேயா என்று அறிஞர்களிடையே இன்றும் வழக்கு இருக்கிறது என்பது பின்னர்தான் தெரிந்தது. பத்திரிகையில் 'பிறப்புறுப்பு' என்று எழுதுவோம், அதுவும் வன்புணர்வுச் செய்தியில் மட்டும். உள்ளே போகும் வழியான யோனிக்கும் வெளியே இருக்கும் மடிப்புத் தோலுக்கும் வேறு வேறு பெயர் வேண்டும் என்பதே எங்களுக்குத் தோன்றியதில்லை. வைத்தியருக்கோ அந்த வேறுபாடுதான் முதலாவது தேவை.

இத்தனைக்கும் எங்கள் தமிழ் ஊமையாக இருந்ததில்லை. மானிப்பாயில் வைத்தியம் பார்த்த அமெரிக்கரான சாமுவேல் பிஸ்க் கிறீன், 1847இல் யாழ்ப்பாணம் வந்து, தமிழ் மாணவர்களுக்குத் தமிழிலேயே மேலை வைத்தியம் கற்பித்தவர். அங்காதிபாதம், இரண வைத்தியம், பிரசவ வைத்தியம் என்று அவர் காலத்தில் தமிழில் நூல்கள் அச்சாயின. பெண்ணுடலின் ஒவ்வொரு பாகத்துக்கும் பெயர் இல்லாமல் பிரசவ வைத்தியம் எழுத முடியுமா? நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் மாணவர் பாடமாகப் படித்த சொற்களை, தமிழ்ப் பட்டதாரியான நான் ஒரு பாமசிக் கடையில் விழுங்கிவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2006 ஜனவரி 2ஆம் திகதி இந்த நகரின் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் கைக்குண்டு வெடித்து இறந்ததாகச் சொல்லப்பட்டதை, சுடப்பட்டுத்தான் இறந்தார்கள் என்று தன் புகைப்படங்களால் காட்டியவர் பத்திரிகையாளர் சுகிர்தராஜன். அதே மாதம் 24ஆம் திகதி அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். குண்டு உடலின் எந்த இடத்தில் பாய்ந்தது என்று துல்லியமாக எழுத வேண்டிய ஊர் இது. அப்படி எழுதப் பழகியவர்கள் நாங்கள். என் சொந்த உடலில் ஓர் இடத்தைச் சொல்ல எனக்கு இன்னும் பன்னிரண்டு வருடம் கழிந்தும் வாய் வரவில்லை.

கிறீம் தோற்ற பிறகு, தொழிற் பழக்கத்தில், ஒரு குறிப்புக் கொப்பி போட்டேன். யார், என்ன, எங்கே, எப்போது, ஏன். முதல் நான்கும் விரைவில் நிரம்பின. 'ஏன்' என்பதற்குக் கீழே சந்தேகநபர்களின் பெயர்கள் நீண்டுகொண்டே போயின.

அம்மாவிடம் "உடம்பெல்லாம் கடிக்குது" என்று பூசி மெழுகிச் சொன்னேன். "கிரந்தி" என்று உடனே தீர்ப்பளித்தார். இறால், நண்டு, கணவாய், கத்தரிக்காய், தக்காளி எல்லாம் வீட்டில் தடைசெய்யப்பட்டன. திருகோணமலையில் இருந்துகொண்டு மீனைத் தவிர மற்றெதையும் கடலிலிருந்து தொடாமல் நான்கு மாதம் வாழ்ந்தேன். கடி தன்பாட்டில் வந்து போனது. அடுத்தது கன்னியா. அங்குள்ள ஏழு வெந்நீர்க் கிணறுகளும் தோல் வருத்தங்களுக்கு நல்லவை என்று பரம்பரையாகச் சொல்லப்படுவது. வாளி வாளியாக அள்ளி ஊற்றினேன். ஊற்றும்போது சொர்க்கமாக இருந்தது. அன்றிரவு நரகம். சூடான நீர் அரிப்பை அந்த நேரத்துக்கு மரக்கச் செய்து, தோலின் எண்ணெய்ப்பசையைக் கழுவிவிட்டுப் பின்னர் இரட்டிப்பாக்கும் என்பது இப்போது தெரியும். இராவணன் தாயின் கிரியைக்காகத் தோற்றுவித்த கிணறுகள் என்பது ஐதீகம். என் காரியத்துக்கு அவை உதவவில்லை.

அடுத்த சந்தேகநபர் நானேதான். கடி என்றால் அழுக்கு என்ற எண்ணத்தில் ஒரு நாளைக்கு ஐந்து ஆறு தரம் கிருமிநாசினிச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். இதில் ஒரு செய்தியாளருக்கே உரிய பின்கதை உண்டு. இரண்டு பிள்ளைப்பேறுகளின் பின் இருமினால், தும்மினால் எனக்குச் சிறுநீர் சிறிது கசியும். வெளியில் செய்தி சேகரிக்கப் போகும் பெண்ணுக்கு மலசலகூடம் கிடைப்பது அதிர்ஷ்டம். ஆகவே காலையில் தண்ணீர் குடிக்காமல் புறப்படுவேன், ஒரு மெல்லிய பாட் வைத்துக்கொள்வேன். 2019 ஜூலையில் அந்த ஐந்து மாணவர் வழக்கில் சந்தேகநபர்கள் போதிய சாட்சியமில்லை என்று விடுவிக்கப்பட்ட நாளில் நான் வெளியே வெயிலில் நின்றேன். காலையில் வைத்த பாட் மாலைவரை. கொல்லப்பட்ட பிள்ளைகளின் பெற்றோரை நினைத்துக் கலங்க வேண்டிய நேரத்தில், எப்போது வீட்டுக்குப் போய்ச் சொறியலாம் என்று நினைத்துக்கொண்டிருந்த என்னை நான் வெறுத்தேன். வீடு வந்ததும் வாசனை போட்ட ஈரக் கடதாசியால் துடைத்தேன். அந்த ஈரக் கடதாசிகள் பலவற்றில் கெடாமலிருக்கச் சேர்க்கப்பட்ட மெதைல்ஐசோதயசோலினோன் என்ற பொருளைத்தான் அமெரிக்கத் தோல் ஒவ்வாமை வைத்தியர் சங்கம் 2013இல் 'ஆண்டின் ஒவ்வாமைப்பொருள்' என்று அறிவித்தது. இந்தத் தகவலை நான் வாசித்தது 2020இல்.

அதற்கிடையில் ஒரு வைத்தியரிடமும் போயிருந்தேன். பெயர் வேண்டாம். நான் "கீழ கடிக்குது டொக்டர்" என்று சொல்லி முடிக்குமுன் பூஞ்சைக்கு ஒரு குளிசை எழுதிவிட்டார். பார்க்கவில்லை. பார்க்கவில்லையே என்று எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெண்ணுக்கு அங்கே கடித்தால் பூஞ்சை என்பது உலகப் பொது எண்ணம் போலும். 2002இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், தமக்கு வந்தது பூஞ்சைதான் என்று தாமே முடிவுசெய்து மருந்து வாங்கிய பெண்களைப் பரிசோதித்தார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கே அது உண்மையில் பூஞ்சையாக இருந்தது.

என்னைக் காப்பாற்றியது ஒரு குடும்பநல உத்தியோகத்தர். எங்கள் நாட்டில் 1996இலிருந்து சுகவனிதையர் கிளினிக் நடக்கிறது. முப்பத்தைந்து வயதைக் கடந்த பெண்களுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பப் பரிசோதனை, மார்புப் பரிசோதனை, இரத்த அழுத்தம், சீனி எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள். அதைப் பற்றி நான் இரண்டு மூன்று கட்டுரை எழுதியிருக்கிறேன். போனதில்லை. 2019இன் கடைசியில் ஒரு செய்திக்காகப் போனபோது அந்தப் பெண் என்னைப் பார்த்து, "அக்கா எழுதுறீங்க, எப்ப உங்களுக்குச் செய்யப்போறீங்க?" என்றார். கட்டிலில் படுத்தபின் கேட்டார். "அக்கா, இது கன நாளா? வெளியிலயா, உள்ளுக்கையுமா? கடியா, எரிவா, நோவா? எதால கழுவுறீங்க, நாளைக்கு எத்தனை தரம்?" நான் முப்பது வருடம் கேட்ட எந்தப் பேட்டியிலும் இவ்வளவு நல்ல கேள்விகளை இவ்வளவு இயல்பாகக் கேட்டதில்லை. எல்லாவற்றுக்கும் உண்மை சொன்னேன். அழுதும்விட்டேன். அவர் ஒரு துணியை என் மேல் இழுத்து மூடிவிட்டு, "இது பூஞ்சை மாதிரித் தெரியேல்ல. தோல் தடிச்சிருக்கு. தோல் டொக்டரிட்டக் காட்ட வேணும். பயப்பிடாதைங்க, ஆனா காட்டாமலும் விடாதைங்க" என்றார்.

பயப்படாமலிருக்க என்னால் முடியவில்லை. அதற்குக் காரணம் பெரியம்மா. 1990இல் சண்டை மறுபடி தொடங்கியபோது நாங்கள் திருகோணமலையை விட்டு ஓடினோம். அந்த அகதி வாழ்வில், பலர் ஒன்றாகப் படுத்த ஒரு பாடசாலை மண்டபத்தில், பெரியம்மா ஏதோ ஒரு புண்ணை மறைத்துக்கொண்டு இருந்தார். அரிப்பு அவருக்கு அதற்குப் பல ஆண்டு முன்பிருந்தே இருந்ததாம். அடிக்கடி எழுந்து தனியே போவார். வேப்பிலை அவித்துக் கழுவுவார். பார்க்க வேண்டியவர்கள் பார்த்தபோது நோய் தொடைக்கு மேலே கவட்டு நெறிகளுக்குப் பரவியிருந்தது. 1992இல் இறந்தார். மரணச் சடங்கில் வருத்தம் என்னவென்று கேட்டவர்களுக்கு "வயித்துக்குள்ள கட்டி" என்றோம். அந்தப் பொய்யை அயலாருக்குச் சொன்னவர்களில் நானும் ஒருத்தி.

2020 மார்ச் இரண்டாம் வாரம் கொழும்புக்குப் போய் ஒரு தோல் வைத்திய நிபுணரைப் பார்த்தேன். பெண். விளக்கை அருகே இழுத்து, நேரமெடுத்துப் பார்த்தார். இங்கே ஒரு துளி எடுத்து அனுப்புவோம் என்று பயொப்சி செய்தார். மரக்கும் ஊசி போட்ட கணம் மட்டும் வலித்தது. மார்ச் 20 மாலை நாடு முழுவதும் ஊரடங்கு. அறிக்கை கொழும்பில், நான் திருகோணமலையில், இடையில் இருநூற்றைம்பது கிலோமீற்றருக்கு மேல். ஏறக்குறைய பத்து வாரம். ஊரெல்லாம் கொவிட்டுக்குப் பயந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது நான் வேறொன்றுக்குப் பயந்துகொண்டிருந்தேன். அந்த வாரங்களில் ஒரு நாள் இரவுதான் கணவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு வருடமாகத் தலையிடி, களைப்பு, வேலை அதிகம் என்று நான் சொன்ன காரணங்களுக்கு அவர் தனக்குள் வேறேதோ பொருள் செய்துகொண்டிருந்திருக்கிறார். "என்னில வெறுப்பு எண்டு நினைச்சன்" என்றார். வேறொன்றும் பேசவில்லை. அடுத்த நாள் துணி தோய்க்கிற சலவைத்தூளை மாற்றினாலென்ன என்று அவராகவே கேட்டார்.

அறிக்கை வந்தது. புற்றுநோய் இல்லை. லைக்கன் ஸ்கிளெரோசஸ் என்ற நோயும் இல்லை. நீடித்த தோலழற்சி, சொறிந்து தடித்த தோல், குறித்த காரணம் புலப்படவில்லை. பின்னொரு முறை முதுகில் சிறு சிறு ஒட்டுகளை ஒட்டி, இரண்டாம் நாளும் நான்காம் நாளும் பார்க்கும் ஒவ்வாமைப் பரிசோதனையும் செய்தார்கள். வாசனைப் பொருளுக்கு இலேசாகச் சிவந்தது. பிடித்துவிட்டோம் கள்ளனை என்று வீட்டில் வாசனையுள்ள ஒன்றையும் விடாமல் வெளியேற்றினேன். மூன்றாம் மாதம் கடி மறுபடி வந்து கதவைத் தட்டியது.

"அப்ப என்ன காரணம் டொக்டர்?" என்று கேட்டேன். வைத்தியர் சிரித்தார். "ஒரு காரணம்தான் இருக்க வேணும் எண்டு ஏன் நினைக்கிறீங்க?" மாதவிடாய் நின்றபின் ஈஸ்திரஜன் குறையும், அங்குள்ள தோல் மெலிந்து உலரும். மெலிந்த தோலில் சிறுநீரும் வியர்வையும் பட்டால் எரியும். சவர்க்காரம் அதை மேலும் உலர்த்தும். கடிக்கும், சொறிவோம், சொறிந்த தோல் தடிக்கும், தடித்த தோல் இன்னும் கடிக்கும். எது முதலில் தொடங்கியது என்று இனிக் கண்டுபிடிக்க முடியாது, சுழற்சியை எங்காவது அறுக்கலாம், அவ்வளவுதான். பத்திரிகைக்காரிக்கு இது திருப்தியான பதிலல்ல. ஆசிரியர் மேசைக்கு இப்படி ஒரு செய்தியைக் கொடுத்தால் திருப்பி அனுப்புவார்கள்.

அறுத்த விதத்தைச் சொல்கிறேன். எனக்குச் சரிவந்தது, எல்லாருக்கும் வரும் என்பதல்ல. அங்கே சவர்க்காரம் அறவே இல்லை. வெறும் நீர், சூடில்லாதது, நாளுக்கு இரண்டு தரம். ஈரத்தைத் துவாயால் தேய்க்காமல் ஒற்றி எடுப்பது. பகலில் தளர்ந்த பருத்தி உள்ளாடை, இரவில் சோட்டி மட்டும். குளித்தபின்னும், சிறுநீர் கழிக்கப் போகுமுன்னும் வாசனையில்லாத வசலின் மெல்லியதாக. அது தோலுக்கு மழைக்கோட்டுப் போல. கடி கிளம்பினால் வைத்தியர் எழுதித் தந்த ஸ்டெரொயிட் களிம்பு, விரல் நுனியில் ஒரு கடலையளவு, அவர் சொன்ன நாட்களுக்கு மட்டும். அதே ஸ்டெரொயிட் இனம்தான், ஆனால் பார்த்து, அளந்து, நிறுத்தத் தெரிந்து தரும்போது அது வேறு மருந்து. கிறீம் அல்ல, களிம்பு. கிறீமில் கெடாமலிருக்கச் சேர்ப்பவையே சிலருக்கு எரிக்கும். உள்ளே வைக்க ஈஸ்திரஜன் கிறீமும் தந்தார். அதன் பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் பிடித்தது. நகத்தை ஒட்ட வெட்டுவது. இரவில் கடித்தால் குளிர்ந்த ஈரத் துணி. கிரந்தித் தடை நீக்கப்பட்டு நண்டு வீடு திரும்பியது. அம்மா இன்றும் அதை ஏற்கவில்லை.

2022இல் பெற்றோல் வரிசைகளில் நாடு நின்றபோது மருந்துகளும் தீர்ந்தன. என் களிம்பு நகரில் எந்தப் பாமசியிலும் இல்லை. (இம்முறை பையனிடம் சீட்டை நீட்டினேன். எவடத்தில என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை.) ரொறொன்ரோவில் இருக்கும் தங்கைக்குத் தொலைபேசி எடுத்து, இந்தப் பெயருள்ள களிம்பு யாராவது வரும்போது அனுப்ப முடியுமா என்று கேட்டேன்.

"என்னத்துக்கு அக்கா?"

சொன்னேன். இடத்தின் பெயரையும் சொன்னேன். மறுமுனையில் நீண்ட நேரம் சத்தமில்லை. தொடர்பு அறுந்துவிட்டது என்று நினைத்து ஹலோ ஹலோ என்றேன்.

"எனக்கும் அக்கா. பன்னிரண்டு வருசம்."

அவளிடம் அந்தக் குடும்பநல உத்தியோகத்தரின் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவளுக்குக் கடியோடு தோல் வெளுத்து, மெல்லிய சுருங்கிய கடதாசிபோல் ஆகியிருந்தது. இலேசாக வெடித்தது. மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டுவதுபோல் இருந்தன. ஐம்பது வயதில் வருகிற மாற்றம் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அறிக்கைக்காகக் காத்திருந்த வாரங்களில் வாசித்து வாசித்துப் பயந்த லைக்கன் ஸ்கிளெரோசஸின் அடையாளங்கள் அவை. அது சில குடும்பங்களில் ஒருவருக்கு மேற்பட்டோருக்கு வருவதுண்டு. தொற்றுவதில்லை. மருத்துவம் செய்யாமல் விட்டால் நூற்றில் சிலருக்குப் புற்றுநோயாக மாறலாம். ஒழுங்காகக் களிம்பு பூசினால் அந்த ஆபத்து வெகுவாகக் குறையும். பெரியம்மாவுக்கு இருந்தது அதுதானா என்று இனி யாரும் சொல்ல முடியாது. நாங்கள் இருவரும் தொலைபேசியில் அவரது பெயரைச் சொல்லவில்லை, ஆனால் இருவரும் அவரையே நினைத்தோம் என்பது எனக்குத் தெரியும்.

"வைத்தியரிட்டப் போய் என்னெண்டு சொல்லுறது? இங்கிலீசில அதுக்கு என்ன பேர்?" என்று கேட்டாள். இருபத்தைந்து வருடம் கனடாவில் இருப்பவள். எழுத்துக் கூட்டிச் சொன்னேன். எழுதிக்கொண்டாள்.

மூன்று மாதம் கழித்து அவளுக்குப் பயொப்சி செய்தார்கள். பெயர் உள்ள நோய் அவளுக்கு, பெயரில்லாத நோய் எனக்கு. அவள் இப்போது கிழமைக்கு இரண்டு நாள் களிம்பு பூசி, ஆண்டுக்கு ஒரு முறை காட்டி வருகிறாள். ஒட்டிய இடங்கள் பழையபடி ஆகா, ஆனால் மேற்கொண்டு ஒட்டவில்லை. எனக்கு இந்தச் சித்திரை வெக்கையில் மறுபடி வந்தது. ஒன்பது நாள் இருந்தது. கொப்பியில் 'ஏன்' என்ற இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. திகதியை மட்டும் குறித்தேன்.